வண்டியை நிறுத்துங்கள், உரிமையை விட்டுவிடாதீர்கள்!

(வாலிபர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலையில் போலீஸ்காரர் கை காட்டுகிறார். வண்டியில் வருபவர் நிறுத்தாமல் போய்விடுகிறார். அதன் பிறகு சட்டம் அவரை என்ன செய்யும்? அவர் மீது வழக்கு வந்தால் தன் பக்கத்தில் அவர் என்ன சொல்ல முடியும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் நம் வாலிபர்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். கடைச் சரக்குக்கு ஒரு லோடு ஆட்டோ வைத்திருக்கும் வியாபாரிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

'இது ஒரு விஷயமா? மேடை போட்டுப் பேச வேண்டியதா?' என்று நீங்கள் கேட்கலாம். 2018 மார்ச் 7-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். திருச்சி அருகே துவாக்குடியில் ஹெல்மெட் சோதனை நடந்தது. ஒரு கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். வண்டி நிற்கவில்லை. ஒரு போக்குவரத்து ஆய்வாளர் துரத்திச் சென்று, ஓடிக்கொண்டிருந்த வண்டியை எட்டி உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. திருவெறும்பூர் அருகே அந்தப் பெண் சாலையில் விழுந்து இறந்துபோனார். ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு சாலையை மறித்தார்கள். அந்த ஆய்வாளர் கைது செய்யப்பட்டார்.

இதில் யார் பக்கம் தவறு? ஒரு ஹெல்மெட்டுக்காக ஓடும் வண்டியை உதைக்க எந்தச் சட்டமும் எந்த அதிகாரிக்கும் அனுமதி தரவில்லை. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அந்த அநியாயத்தைக் கண்டித்துவிட்டு நாம் கலைந்து போய்விட்டால் போதுமா? நாளை நம் பிள்ளை அதே சாலையில் போகிறான். அவன் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லித் தருவது?

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். வண்டியை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு உங்கள் உரிமையை ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காதீர்கள். நிறுத்துபவனுக்குச் சட்டம் எத்தனையோ கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஓடுபவன் அவற்றைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்கிறான்.

ஏன் ஓடுகிறார்கள்?

ஹெல்மெட் இல்லை. லைசென்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள். கையில் காசு இல்லை. வாப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும். பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான்.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் பேசுவோம். 'என் பெயரைச் சொன்னால் என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்' என்ற பயம் நம் வாலிபர்கள் பலரிடம் இருக்கிறது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். நின்று, பெயரைச் சொல்லி, லைசென்ஸை நீட்டுபவனைச் சந்தேகப்பட அவர்கள்தான் காரணம் தேட வேண்டும். ஓடுபவன் அந்தக் காரணத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு மனிதனின் நடத்தையையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. நீங்கள் ஓடியது உங்களுக்கு எதிரான முதல் சாட்சியாக நீதிமன்றத்தில் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நீங்கள் வியாபாரிகள். லாப நஷ்டம் உங்களுக்குத் தெரியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் அபராதங்களை 2019-ல் நாடாளுமன்றம் உயர்த்தியது. தமிழகத்தில் 2022 அக்டோபரில் உயர்ந்த அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன.

ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய். மூன்று பேர் ஏறினால் 1,000 ரூபாய். இந்த இரண்டுக்கும் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பையும் சட்டம் சொல்கிறது. இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இவற்றிலிருந்து தப்பிக்கத்தான் நம் பிள்ளை ஓடுகிறான். ஓடுவதால் என்ன சேர்கிறது என்று படிப்படியாகப் பாருங்கள்.

முதல் படி: சட்டப்படி கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறியதற்கு 179-ஆம் பிரிவில் 2,000 ரூபாய் வரை அபராதம். நிற்காமல் போனது மட்டும்தான் குற்றம் என்றால் விஷயம் பெரும்பாலும் இந்த அளவில் முடிந்துவிடும். 'போலீஸைக் கண்டு ஓடினால் ஏழு வருடம், பத்து வருடம்' என்று டீக்கடையில் பேசுவது சரியல்ல.

இரண்டாம் படி: ஆனால் ஓடுபவன் மெதுவாகவா ஓடுவான்? சிவப்பு விளக்கைத் தாண்டுவான். எதிர்த் திசையில் புகுவான். அது 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல் ஆகிவிடும். முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. சீருடையில் இருக்கும் காவலரின் கண் முன்னால் இது நடந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்ய 202-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதோடு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவும் சேரும். ஆறு மாதம் வரை சிறை.

மூன்றாம் படி: முன்னால் நின்று மறித்த காவலரை நோக்கி வண்டி வந்தது என்று புகாரில் எழுதினால் நிலைமை தலைகீழாகிவிடும். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் பலாத்காரம் செய்தது 132-ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு. அவருக்குக் காயம் ஏற்பட்டிருந்தால் 121-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை. கொடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. கொலை முயற்சி என்று 109-ஆம் பிரிவைப் போட்டால் பத்து வருடம் வரை; காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனைகூட விதிக்கலாம்.

நான்காம் படி: பாதையில் போன யாரோ ஒருவர் அடிபட்டு இறந்துவிட்டால் 106-ஆம் பிரிவு. ஐந்து வருடம் வரை சிறை.

காலையில் 1,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், மாலையில் ஜாமீன் மனுவாக வந்து நிற்கிறது. இதில் லாபம் எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. நீங்கள் ஓடிப்போகலாம், உங்கள் நம்பர் பிளேட் ஓடிப்போவதில்லை. எண்ணைக் குறித்துக்கொண்டால் விலாசம் கிடைத்துவிடும். கேமராக்கள் பெருகிவிட்ட காலம் இது.

வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பிமார்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்று 1967-ஆம் வருடத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்ற அனுமதி வாங்கினால் பெறலாம் என்று 1993-ல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது உண்மைதான். ஆனால் விசா கையில் வந்த பிறகு அந்த அனுமதிக்காக நீதிமன்ற வராண்டாவில் நிற்க வேண்டுமா?

யார் நிறுத்தலாம்? எதைக் காட்ட வேண்டும்?

'அவர் வெறும் கான்ஸ்டபிள். என்னை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை' என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அபராதம் வசூலிக்கும் அதிகாரம் எந்தப் பதவியில் இருப்பவருக்கு என்பது வேறு விஷயம். லைசென்ஸைக் காட்டு என்று கேட்க, சீருடையில் இருக்கும் எந்தக் காவலருக்கும் 130-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 'சீருடையில்' என்ற வார்த்தையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் உதவும்.

காகிதம் வீட்டில் இருக்கிறது என்பதற்காக ஓட வேண்டியதில்லை. டிஜிலாக்கர், எம்-பரிவாஹன் செயலிகளில் இருக்கும் லைசென்ஸையும் ஆர்.சி. புத்தகத்தையும் ஏற்க வேண்டும் என்று 2018-லேயே மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. அதைக் கைப்பேசியில் இன்றே ஏற்றிவையுங்கள். வாட்ஸ்அப்பில் வைத்திருக்கும் போட்டோ அதற்கு ஈடாகாது.

பெற்றோருக்கும் முதலாளிக்கும்

பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் சாவியைக் கொடுத்து, 'கடைக்குப் போய்ட்டு வா' என்று அனுப்புகிறோம். அவன் போலீஸைக் கண்டால் ஓடத்தான் செய்வான். அவனிடம் வேறு வழி எதை நாம் வைத்திருக்கிறோம்? சட்டம் இங்கே பையனை விட்டுவிட்டு முதலில் பெரியவரைப் பிடிக்கிறது. 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். எடை போட நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாமல் போனாலோ, எடை போடுவதற்கு முன் சரக்கை இறக்கிவிட்டாலோ 40,000 ரூபாய். 194-ஆம் பிரிவே இப்படிச் சொல்கிறது. ஏற்றிய குற்றத்துக்கு ஒரு பங்கு, ஓடிய குற்றத்துக்கு இரண்டு பங்கு! டிரைவரிடம் 'எப்படியாவது தாண்டி வந்துவிடு' என்று போனில் சொல்லும் முதலாளி யாருக்கு நன்மை செய்கிறார்?

அப்படி டிரைவர் நிற்காமல் வந்துவிட்டால் மறுநாள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். வண்டியை ஓட்டியவர் யார், அவர் விலாசம் என்ன, லைசென்ஸ் விவரம் என்ன என்று அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். இது 133-ஆம் பிரிவு. 'அன்று யார் ஓட்டினான் என்று தெரியவில்லை' என்று கைவிரிப்பதும், லைசென்ஸ் உள்ள வேறொருவர் பெயரைக் கொடுப்பதும் ஆபத்து. பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். எந்த வண்டி, எந்த நேரம், யார் ஓட்டினார் என்று கடையில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

விபத்து நடந்துவிட்டால்

அடிபட்டவரை விட்டு ஓடுவது மனிதத்தன்மைக்கே இழுக்கு. சட்டப்படியும் அது தனிக் குற்றம். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க ஏற்பாடு செய்வதும், காவலர் அங்கே இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்தில் விவரம் சொல்வதும் டிரைவரின் கடமை என்று 134-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

'நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடுமே?' நியாயமான கேள்விதான். அந்தப் பிரிவே இதை ஒப்புக்கொள்கிறது. மக்களின் ஆத்திரத்தாலோ, தன் சக்திக்கு மீறிய வேறு காரணத்தாலோ உதவ முடியாமல் போனால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு அடிபட்டவருக்கு உதவுவதற்கு மட்டும்தான். காவல் நிலையத்தில் சொல்வதற்கு இல்லை. கூட்டத்திடமிருந்து தப்பியவர் நேராக ஸ்டேஷனுக்குப் போய், ஏன் அங்கே நிற்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தவர் உயிருக்குப் பயந்து விலகியவர். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் தப்பி ஓடியவர். இருவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த 24 மணி நேரம்தான்.

புதிய சட்டத்தில் 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை என்று எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் நாடு முழுவதும் லாரி ஓட்டுநர்கள் கொதித்தெழுந்தார்கள். மற்றப் பிரிவுகள் ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் மத்திய அரசு நிறுத்தி வைத்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்லலாம்?

இப்போது மறுபக்கத்துக்கு வருவோம். ஓடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரும் குற்றவாளிகள் அல்லர். குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. நீங்கள் சொல்லக்கூடியவை இவை:

ஒன்று: 'ஓட்டியது நான் அல்ல.' எண்ணைத் தவறாகக் குறித்திருக்கலாம். வேறு யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் நீங்கள் கடையில் இருந்ததற்கு பில் இருக்கும். கடைக் கேமராப் பதிவு இருக்கும். வண்டி வேறு ஊரில் இருந்ததற்கு டோல்கேட் ஃபாஸ்டேக் கணக்கு இருக்கும்.

இரண்டு: 'நிறுத்தச் சொன்னது எனக்குத் தெரியவில்லை.' 179-ஆம் பிரிவு 'வேண்டுமென்றே' மீறுவதைத்தான் தண்டிக்கிறது. இருட்டு, மழை, விளக்கில்லாத தடுப்பு, பக்கத்தில் மறைத்துக்கொண்டு வந்த லாரி ஆகியவை உண்மையானால் நீதிமன்றத்தில் எடைபெறும்.

மூன்று: 'நிறுத்தியவர் சீருடையில் இல்லை.' நள்ளிரவில் மப்டியில் இரண்டு பேர் கை காட்டினால் வழிப்பறியோ என்று பயப்படுவது இயற்கை. அப்போது மெதுவாக ஓட்டி, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள பெட்ரோல் பங்கிலோ காவல் நிலையத்திலோ நிறுத்துங்கள். 112-க்குப் போன் செய்யுங்கள். அந்த அழைப்பே உங்கள் நல்லெண்ணத்துக்குச் சாட்சி.

நான்கு: 'உயிர் காக்க விரைந்தேன்.' பெரிய தீங்கைத் தடுக்க, கெட்ட எண்ணமில்லாமல் செய்த செயல் குற்றமாகாது என்பது நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவு. பிரசவ வலியில் இருக்கும் மனைவியையோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாப்பாவையோ ஏற்றிச் சென்றவர் இதைச் சொல்லலாம். ஆனால் இதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஐந்து: 'ஓடினேன், ஆனால் அந்தக் குற்றத்தை நான் செய்யவில்லை.' 1971-ல் ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தலைமறைவானது ஒன்றை மட்டும் வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று முடிவு செய்ய முடியாது. நிரபராதியும் பயத்தில் ஓடலாம் என்று கூறியது. வண்டியில் பிறகு எதையோ கண்டெடுத்ததாகச் சொல்லும் வழக்குகளில் இது முக்கியம்.

ஆறு: 'கொல்லும் எண்ணம் இல்லை.' கொலை முயற்சி வழக்குக்கு அந்த எண்ணமோ, மரணம் நேரும் என்ற அறிவோ நிரூபிக்கப்பட வேண்டும். ஒதுங்கிப் போக முயன்ற வண்டிக்கும் ஆளைக் குறிவைத்து வந்த வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை டயர் தடமும் கேமராவும் சொல்லும்.

ஏழு: அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு என்று 221-ஆம் பிரிவைச் சேர்த்திருந்தால், சம்பந்தப்பட்ட ஊழியரோ அவருடைய மேலதிகாரியோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் தராமல் நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியாது. இது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215-ஆம் பிரிவு. உங்கள் வக்கீல் இதைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

இவை உண்மையாக இருப்பவர்களுக்கான வாசல்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாதவர் ஆஸ்பத்திரிச் சீட்டு தயார் செய்தால், ஒரு வழக்கு இரண்டு வழக்காகும்.

கேமராப் பதிவுகள் நாள் கடந்தால் அழிந்துவிடும். சம்பவம் நடந்த மறுநாளே பக்கத்துக் கடைகளிலும் பங்கிலும் பதிவைக் காத்து வைக்கும்படி எழுதிக் கொடுங்கள். காவல் நிலையங்களில் கேமரா வைத்து, பதிவை 18 மாதமும், முடியாவிட்டால் ஒரு வருடமாவதும் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதையும் கேட்டு மனுப் போடலாம்.

பிடிபட்டால் என்ன உரிமை?

2021 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு சோதனைச் சாவடியில் சிறு வியாபாரி ஒருவர் லத்தியால் தாக்கப்பட்டு இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைதானார். ஆகவே 'நின்றால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தரவில்லை. நின்றவனுக்கும் அநீதி நடக்கலாம். ஆனால் நின்றவனுக்கு நடந்த அநீதியைக் கேட்க நமக்கு முழு வாய் இருக்கும்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். கைது செய்பவர் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை வலியுறுத்தியது. பின்னர் இவை சட்டத்திலேயே இடம்பெற்றன. விதிவிலக்கான சூழ்நிலையில் மாஜிஸ்திரேட் அனுமதியோடு பெண் அதிகாரி செய்தாலொழிய, சூரியன் மறைந்த பிறகு விடியும் வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது.

ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது. அவசியம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த நோட்டீஸ் வந்தால் தவறாமல் போங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணத்தை உருவாக்கும்.

விசாரணையில் உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. அது அரசியல் சட்டம் 20-ஆவது விதி தரும் பாதுகாப்பு. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை நிரூபிக்க உதவாது. விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கவும் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அடிபட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட்டிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் புகார் அனுப்புங்கள்.

சாலையில் வைத்துத் திருப்பி அடிப்பது மட்டும் கூடாது. பதவியின் பேரில் நல்லெண்ணத்தோடு செயல்படும் அரசு ஊழியருக்கு எதிராக, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இல்லாத வரை தற்காப்பு உரிமையைக் கோர முடியாது. கை ஓங்கிய நிமிடமே 132-ஆம் பிரிவு வந்துவிடும்.

ஏற்கெனவே ஓடிவிட்டவருக்கு

இதைப் படிப்பவரில் ஒருவர் போன வாரம் ஓடிவிட்டு, வீட்டில் சொல்லாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். தம்பி, உனக்குச் சொல்கிறேன். முதலில் வீட்டுப் பெரியவரிடம் சொல். பிறகு ஒரு வக்கீலிடம் முழு உண்மையைச் சொல். ஜாமீனில் விடக்கூடிய பிரிவு என்றால் வக்கீலோடு நேரே போ. ஜாமீன் உன் உரிமை. இல்லை என்றால் 482-ஆம் பிரிவில் முன்ஜாமீன் கேட்கலாம். வண்டியின் நசுங்கலை அவசரமாகத் தட்டி பெயின்ட் அடிக்காதே. அது தடயத்தை மறைத்த குற்றமாகும். லைசென்ஸ் உள்ள அண்ணனை 'நான்தான் ஓட்டினேன்' என்று சொல்ல வைக்காதே. வெளியூரில் ஒளியாதே, தேடப்படும் குற்றவாளி என்று அறிவித்துச் சொத்தை முடக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. 'ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ' என்று யார் சொன்னாலும், எந்தப் பிரிவு என்று வக்கீலிடம் கேட்காமல் தலையாட்டாதே. 281-ஆம் பிரிவில் ஒப்புக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பு.

ஜமாஅத்தாருக்கும் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பையனைப் பிடித்தார்கள் என்றதும் ஐம்பது பேர் ஸ்டேஷன் வாசலில் கூடுகிறோம். அன்று இரவு ஒரு வழக்கு ஐம்பத்தொரு வழக்காகிறது. ஐம்பது பேருக்குப் பதில் ஒரு வக்கீலையும், பேசத் தெரிந்த இரண்டு பெரியவர்களையும் அனுப்புங்கள். மற்ற நாற்பத்தெட்டுப் பேரும் தங்கள் வீட்டு வண்டிகளின் இன்சூரன்ஸ் தேதியைப் பார்க்கட்டும்.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் மூன்று காரியம் செய்யுங்கள். வண்டிக் காகிதங்களைச் சரிபாருங்கள். ஹெல்மெட்டைச் சாவிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்குங்கள். காகிதம் சரியாக உள்ளவன் கால் நடுங்காது. கால் நடுங்காதவன் வண்டியை நிறுத்துவான். நின்றவன்தான் நிமிர்ந்து கேள்வி கேட்க முடியும்.